ஒன்பதாவது ஆளின் எடை

2012 ஆகஸ்ட். லண்டனுக்கு மேற்கே ஈட்டன் டோர்னி நீர்ப்பரப்பில் ஒலிம்பிக் பெண்கள் எட்டுத் துடுப்புப் படகு இறுதிப் போட்டி. அமெரிக்கப் படகு 2000 மீட்டரை 6 நிமிடம் 10.59 விநாடியில் கடந்தது. கனடாவுக்கு 6 நிமிடம் 12.06 ஆனது. இடைவெளி ஒன்றரை விநாடிகூட இல்லை. தூரமாகச் சொன்னால் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, படகின் நீளத்தில் பாதிகூட வராது. வெள்ளி வாங்கிய அந்தக் கனடாப் படகில் எட்டுப் பெண்கள் துடுப்பு வலித்தார்கள். ஒன்பதாவதாக ஒருவர் பின்முனையில் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் துடுப்பு கிடையாது. வயது 52. பெயர் லெஸ்லி தாம்ப்சன்-வில்லி.

இந்த ஒன்பதாவது ஆளுக்குக் காக்ஸ்வெயின் என்று பெயர். பேச்சில் காக்ஸ். 1867இல் தொடங்கிய, அடையாற்றில் படகு விடும் மெட்ராஸ் போட் கிளப்பிலும் இதே சொல்தான் வழங்குகிறது. சுக்கானைப் பிடிப்பதும் எட்டுப் பேருக்கும் குரல் கொடுப்பதும் காக்ஸின் வேலை. துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் இருப்பதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் காக்ஸ்தான். கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் கட்டாயம் வரும்: மில்லிமீட்டர் கணக்கில் செதுக்கி, கிராம் கணக்கில் எடையைக் குறைத்த படகில், இழுக்காத ஒரு உடலை ஏன் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்? நியாயமான கேள்வி. இதற்கு இயற்பியலை வைத்து ஒரு கணக்கே போட்டுவிடலாம்.

நீரில் ஓடும் படகை நீர் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுவை ஏறக்குறைய வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. ஆகவே அதை எதிர்த்துப் படகை நகர்த்தத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்படி உயர்கிறது. எடை கூடினால் படகு இன்னும் ஆழமாக அமிழும், நனையும் பரப்பு பெருகும், இழுவையும் கூடும். ஒரே வடிவமுள்ள படகுகளில் நனையும் பரப்பு எடையின் மூன்றில் இரண்டு அடுக்குப்படி மாறும். 1971இல் ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் மக்மேஹன் இந்த எளிய விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆள் கூடக்கூடப் படகின் வேகம் எப்படி மாற வேண்டும் என்று கணித்தார். ஆட்களின் எண்ணிக்கையின் ஒன்பதில் ஒரு அடுக்குப்படி வேகம் உயரும் என்று விடை வந்தது. ஒற்றையர் படகிலிருந்து எட்டுப் பேர் படகு வரை ஒலிம்பிக் நேரங்களை எடுத்து அவர் ஒப்பிட்டபோது அவை அந்தக் கோட்டின்மேல் அழகாக விழுந்தன. ஒரு துண்டுத்தாளில் அடங்கும் கணக்கு நிஜ ஆற்றின் நடத்தையைச் சொல்லிவிடுவது அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த தருணங்களில் ஒன்று.

அதே விதிகளைக் காக்ஸின்மேல் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பெண்களின் சராசரி எடை 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் 600 கிலோ. படகு, விதிப்படி குறைந்தது 96 கிலோ. இந்த 696 கிலோவின்மேல் 50 கிலோ காக்ஸ் ஏறினால் மொத்த எடை சுமார் 7 சதவீதம் கூடுகிறது. வேகத்தில் குறைவது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று அதிகம். ஆறு நிமிடப் போட்டியில் இது ஐந்தாறு விநாடி. 2012இல் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த இடைவெளியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு! லெஸ்லி தாம்ப்சன்-வில்லி சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் படகுக்கு வைக்கும் கடன் இவ்வளவு.

சிறிய படகில் இந்தக் கடன் இன்னும் கனக்கும். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில், சேன் ஆற்றில், காக்ஸுடன் கூடிய இரட்டையர் போட்டியில் நெதர்லாந்தின் பிரான்சுவா பிராண்ட், ரோலோஃப் கிளைன் இருவரும் அதை அனுபவத்திலேயே கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய காக்ஸ் ஹெர்மானுஸ் ப்ரோக்மன் சுமார் 60 கிலோ. பிரெஞ்சுப் படகுகளிலோ சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இறுதிப் போட்டிக்கு முன் ப்ரோக்மனை இறக்கிவிட்டு, ஏறக்குறைய பாதி எடையுள்ள ஒரு பாரிஸ் சிறுவனை ஏற்றினார்கள். 0.2 விநாடியில் வென்றார்கள். சிறுவனும் அவர்களோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டான். அவன் பெயரை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரு குழந்தை பெயரில்லாமல் போனது இந்த விளையாட்டின் பெரிய இழப்புகளில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

விதிகளுக்குள் வராத ஒன்று மனித உடலை எப்படிச் சுரண்டும் என்பதற்கும் இந்தக் கதை உதாரணம். எடை குறைந்தால் வெற்றி என்றால் சிறுவர்களைத் தேடுவார்கள். சிறுவர்கள் கிடைக்காவிட்டால் பெரியவர்களைப் பட்டினி போடுவார்கள். அதனால் உலகத் துடுப்புப் படகு அமைப்பு குறைந்தபட்ச எடையை நிர்ணயித்தது. நெடுங்காலம் ஆண்கள் படகுக்கு 55 கிலோ, பெண்கள் படகுக்கு 50 கிலோ. காக்ஸ் அதைவிடக் குறைவாக இருந்தால் பாக்கியை எடைப் பையாகச் சுமக்க வேண்டும், அதுவும் காக்ஸுக்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும், 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எல்லாப் படகுகளும் ஒரே சுமையோடு புறப்பட வேண்டும் என்று ஆனபின் எடைக் கணக்கு ஓய்ந்தது. ஒரு காக்ஸ் இன்னொரு காக்ஸைவிட எப்படி உயர்ந்தவர் ஆகிறார் என்ற கேள்விதான் மிச்சம்.

அந்த ஐந்தாறு விநாடியைத் திருப்பிச் சம்பாதிக்க என்ன வேண்டும்? திறன் வேகத்தின் மும்மடி என்பதால், இழந்த ஒன்றரை சதவீத வேகத்தை மீட்க எட்டுப் பேரின் திறன் சுமார் 5 சதவீதம் உயர வேண்டும். ஒரு குரலால் எட்டு உடல்களிலிருந்து 5 சதவீதம் கூடுதலாக எடுக்க முடியுமா? முடியும் என்று நம்ப வைக்கும் சான்றுகள் படகிலிருந்து வரவில்லை, ஒரு கயிற்றிலிருந்து வந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து விசையை அளந்தார். ஒருவர் தனியாக இழுக்கும்போது வரும் விசையை நூறு என்று கொண்டால், கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரின் பங்கும் இறங்கிக்கொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்கு ஏறக்குறைய பாதிதான். தற்செயலாக அந்த எண்ணும் எட்டு. காரணம் இரண்டாக இருக்கலாம்: எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் விசை வீணாகலாம், அல்லது கூட்டத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே கையைத் தளர்த்தலாம். 1974இல் ஆலன் இங்ஹமும் உடனிருந்தவர்களும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்முனையில் நிறுத்தி, பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்ப வைத்தார்கள். உண்மையில் பின்னால் யாரும் இழுக்கவில்லை. ஒத்திசைவுக்கே இடமில்லாத அந்த நிலையிலும் அவர் இழுப்பது குறைந்தது. 1981இல் வில்லியம்ஸ், ஹார்கின்ஸ், லட்டானே ஆகியோர் அடுத்த துண்டைச் சேர்த்தார்கள்: கூட்டமாகச் சத்தம் போடும்போதும் தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தவர் முழு வலிமையோடு கத்துகிறார்.

எட்டுத் துடுப்புப் படகு இந்த ஆய்வுகளுக்காகவே கட்டியதுபோல இருக்கிறது. எட்டுப் பேரும் ஒரே படகு ஓட்டுக்குள், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி, ஒரே வேலையைச் செய்கிறார்கள். கரையிலிருந்து பார்த்தால் யார் ஒரு துளி குறைத்தார் என்று சொல்லவே முடியாது. பின்முனையில் உட்கார்ந்திருப்பவருக்கோ துடுப்புகளின் அலகுகள் இரண்டு பக்கமும் நீரில் இறங்கி ஏறுவது வரிசையாகத் தெரிகிறது. எந்த அலகு ஒரு கணம் முந்தி நீருக்குள் போனது, எது ஆழமில்லாமல் மேலே நழுவியது, எதன் பின்னால் எழும் சுழி சிறுத்துவிட்டது என்று பார்த்து, இருக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்: "ஆறு, இன்னும் சீக்கிரம் பிடி." ஆறாம் இருக்கைக்காரர் அந்தக் கணத்தில் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறார். அவர் அளக்கப்படுகிறார். ஐந்தாம் இருக்கைக்காரருக்கும் தன் முறை எந்த நேரமும் வரலாம் என்பது தெரியும்.

கூட்டம் எப்போதும் தளர்த்தத்தான் செய்யும் என்பதும் இல்லை. 1920களில் ஜெர்மன் உளவியலாளர் ஓட்டோ கோலர் பெர்லின் துடுப்புப் படகுக் கழக உறுப்பினர்களிடம் எடையைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். ஒருவர் விட்டால் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்றபடி இருவரை ஒரே எடையில் பூட்டியபோது, பலம் குறைந்தவர் தனியாக இருந்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். தன்னால் கூட்டாளி தோற்கக் கூடாது என்ற எண்ணம் தசைக்குள் இறங்கியது. படகில் காக்ஸின் குரல் இந்த எண்ணத்தையும் எழுப்புகிறது. "பத்து இழுப்பு, ஸ்ட்ரோக்குக்காக" என்று அவர் கேட்டால், எட்டுப் பேரும் ஒருவருக்காகத் தர ஒரு காரணம் கிடைக்கிறது. ஸ்ட்ரோக் என்பவர் காக்ஸுக்கு நேரெதிரே உட்கார்ந்து மொத்தப் படகுக்கும் தாளத்தைத் தருபவர்.

ஒன்றாக இயங்குவதற்கே தனிப் பலன் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் துடுப்பாளர்களை வைத்து எம்மா கோஹனும் ராபின் டன்பரும் அவர்களுடைய சகாக்களும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்கூடத்து இயந்திரத்தில் தனியாக வலித்தபின் ஒருவருக்கு இருக்கும் வலி தாங்கும் திறனைவிட, அதே உழைப்பைச் சேர்ந்து ஒரே தாளத்தில் செய்தபின் அது கணிசமாகக் கூடியிருந்தது. மூளையில் எண்டார்பின்கள் சுரப்பதோடு இதை அவர்கள் தொடர்புபடுத்தினார்கள். கடைசி 500 மீட்டரில் எட்டுப் பேரின் கால்களும் எரியும். அப்போது தாளம் கலையாமல் காப்பாற்றும் காக்ஸ் வலியையும் கொஞ்சம் குறைக்கிறார் என்று சொன்னால் அது மிகை ஆகாது.

ஒலிக்கும் ஒரு கணக்கு உண்டு. காக்ஸின் வாய்க்கும் முன்முனையில் இருப்பவரின் காதுக்கும் பத்துப் பதினோரு மீட்டர் தூரம். ஒலி விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது. ஆகவே வெறும் வாயால் கத்தினால் முன்முனைக்காரர் ஸ்ட்ரோக்கைவிட விநாடியில் நூறில் மூன்று பங்கு தாமதமாகக் கேட்பார். நிமிடத்துக்கு 38 இழுப்பு ஓடும் படகில் ஒரு இழுப்பின் முழுச் சுற்று ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல். தாமதம் அதில் இரண்டு சதவீதம்தான் என்றாலும், அலகு நீரைப் பிடிக்கும் கணம் எட்டுப் பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய விளையாட்டில் இரண்டு சதவீதம் அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. பழைய காக்ஸ்கள் தலையில் கட்டிய கூம்பு வடிவக் குழாய் வழியே கத்தினார்கள். இப்போது காக்ஸின் வாயருகே ஒலிவாங்கி, ஓட்டுக்குள் இருக்கைகளுக்கு இடையே சிறு ஒலிபெருக்கிகள். கம்பியில் குரல் எல்லா இருக்கைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. இந்தக் கருவியின் பெட்டி இழுப்பு வேகத்தையும் நேரத்தையும் காக்ஸின் மடியில் காட்டுகிறது.

சுக்கானைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வேறு. உள்ளங்கை அளவுள்ள அந்தத் தகட்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இழுவை கூடும், படகு ஒரு பக்கம் சாயும், சாய்ந்த பக்கத்துத் துடுப்புகள் நீரில் உரசும். நேர்க்கோட்டிலிருந்து 3 பாகை இப்படியும் அப்படியுமாக விலகி ஓடிக்கொண்டே இருந்தால் 2000 மீட்டருக்குக் கூடுதலாகப் போக வேண்டிய தூரம் மூன்று மீட்டர்கூட இல்லை. திருத்தும் அவசரத்தில் சுக்கானைப் போட்டு இழப்பது அதைவிட அதிகமாகிவிடலாம். 13.5 மீட்டர் அகலமுள்ள தன் பாதையில், பக்கக் காற்று அடிக்கும்போது, படகு விலகத் தொடங்கும் முன்பே மிகக் குறைவாகத் தொட்டு விட்டுவிடுவதுதான் திறமை. இதற்குக் கண் மட்டும் போதாது, உட்காரும் இடமும் வேண்டும். துடுப்பாளர்கள் சறுக்கு இருக்கையில் முன்னும் பின்னும் போகும்போது 600 கிலோ சதை ஓட்டுக்குள் இடம்பெயர்கிறது. அவர்கள் பின்முனை நோக்கிச் சறுக்கி வரும்போது ஓடு முன்னால் துள்ளி ஓடும், அலகு நீரைப் பிடிக்கும் கணத்தில் தடைபடும். ஓட்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் காக்ஸின் உள்காது இந்த உந்தலையும் தடையையும் நிமிடத்துக்கு 38 முறை உணர்கிறது. குழுவினர் அவசரப்பட்டுச் சறுக்கினால் தடை கூர்மையாகும். காக்ஸ் அதைக் கேட்பதற்கு முன் முதுகில் அறிந்துவிடுவார்.

இவ்வளவையும் செய்தபடி லெஸ்லி தாம்ப்சன்-வில்லி முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகத் தரத்தில் இருந்தார். 1959இல் பிறந்தவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், காக்ஸுடன் கூடிய நால்வர் படகில் வெள்ளி. அப்போது பெண்களுக்கு 1000 மீட்டர்தான். 2000 மீட்டர் ஓடப் பெண்ணுடம்பு தாங்காது என்ற பழைய எண்ணத்தின் மிச்சம். 1988 சியோல் முதல் தூரம் இரட்டிப்பானது. அதோடு போட்டியின் தன்மையும் மாறியது. மூன்று நிமிட வெடிப்பாக இருந்தது ஆறு நிமிடச் சேமிப்புக் கணக்கு ஆனது. ஆக்சிஜன் இல்லாமல் எரிக்கும் சக்தியைத் தொடக்கத்தில் எவ்வளவு செலவழிப்பது, கடைசிக்கு எவ்வளவு வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர் தேவைப்பட்டார்.

அதே நேரத்தில் காக்ஸுக்கான இடங்கள் சுருங்கின. பெண்கள் நால்வர் படகு 1992இல் காக்ஸ் இல்லாததாக மாறியது. ஆண்களின் காக்ஸுடன் கூடிய இரட்டையரும் நால்வரும் 1992 பார்சிலோனாவோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றன. சிறு படகில் காக்ஸின் எடை எவ்வளவு கனக்கும் என்று பார்த்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. அந்தக் கடைசி இரட்டையர் இறுதிப் போட்டி பான்யோலஸ் ஏரியில் நடந்தது. 1984இலும் 1988இலும் வென்றிருந்த இத்தாலியின் அபாஞ்ஞாலே சகோதரர்களைப் பிரிட்டனின் சேர்ல் சகோதரர்கள் கடைசி இழுப்புகளில் தாண்டினார்கள். அவர்களைக் கத்திக் கத்தி முன்னேற்றிய காக்ஸ் கேரி ஹெர்பர்ட் மேடையில் அழுத அழுகை இன்னும் பேசப்படுகிறது. அதன்பின் ஒரு நாட்டுக்கு ஆண்களில் ஒன்று, பெண்களில் ஒன்று என எட்டுப் பேர் படகின் காக்ஸ் இருக்கை மட்டுமே மிஞ்சியது.

அதே ஏரியில் அதே வாரத்தில் கனடாவின் பெண்கள் எட்டு தங்கம் வென்றது. நேரம் 6 நிமிடம் 2.62. பின்முனையில் லெஸ்லி. இரண்டாவதாக வந்த ருமேனியப் படகில் எலெனா ஜார்ஜெஸ்கு. பின்னர் 1996, 2000, 2004 என்று மூன்று தங்கங்களுக்குப் படகை நடத்தியவர் அவர். 1996இல் லெஸ்லிக்கு வெள்ளி, 2000இல் வெண்கலம். இரண்டு முறையும் முன்னால் போன படகில் ஜார்ஜெஸ்கு. முந்தும் படகில் இருப்பவர்களுக்கு எதிரிகள் எல்லோரும் கண்ணெதிரே தெரிவார்கள், பின்தங்கியவர்களுக்கோ யாருமே தெரியமாட்டார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் எட்டுப் பேருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், அதே மூச்சில் நம்பிக்கையையும் தர வேண்டும். "அவர்களின் நான்காம் இருக்கைக்கு நேராக வந்துவிட்டோம்" என்று ஒருமுறை பொய் சொன்ன காக்ஸை அடுத்த போட்டியில் யாரும் நம்பமாட்டார்கள்.

2008இல் நான்காம் இடம். பிறகு 2012இன் வெள்ளி. அந்தப் படகில் வலித்த பெண்களில் சிலர் அவர் முதல் பதக்கம் வாங்கியபோது பிறக்கவே இல்லை. உடலியல் இங்கே தெளிவான பதில் வைத்திருக்கிறது. உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முப்பது வயதுக்குப்பின் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது, விடாமல் பயிற்சி செய்பவர்களுக்குச் சற்றுக் குறைவாக. அதனால் துடுப்பாளர் ஐம்பதில் ஒலிம்பிக் படகில் இருக்க முடிவதில்லை. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவை இரண்டாகப் பிரித்தார். புதிய புதிரை வேகமாக அவிழ்க்கும் திறன் இளமையில் உச்சம் தொட்டு இறங்குகிறது. சேர்த்து வைத்த அறிவைக் கையாளும் திறன் ஐம்பது தாண்டியும் நிலைத்து நிற்கிறது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சதுரங்க வீரர்களிடம் கண்டதும் இதனோடு சேர்கிறது. தேர்ந்த வீரர் பலகையைக் காய் காயாகப் பார்ப்பதில்லை, பழகிய அமைப்புகளாகப் பார்க்கிறார். காய்களைத் தாறுமாறாக வைத்தால் அவருடைய நினைவாற்றலின் மேன்மை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரின் ஃபான்ஷா ஏரியில் கனடாப் பெண்கள் அணி பயிற்சி செய்த பல்லாயிரம் கிலோமீட்டர்களில் லெஸ்லி சேர்த்தது அப்படிப்பட்ட அமைப்புகளின் களஞ்சியம் என்று எண்ணுகிறேன். இன்ன காற்றில், இன்ன இழுப்பு வேகத்தில், இந்தத் தடை இப்படித் தெரிந்தால் நூறு மீட்டர் கழித்து என்ன ஆகும் என்பது. தசை இதைத் தராது, இளமையும் தராது.

2016 ரியோவில், 56 வயதில், எட்டாவது ஒலிம்பிக். கனடா ஐந்தாவதாக வந்தது. எட்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் துடுப்புப் படகு வீரர் அவரே. அடுத்த ஆண்டு விதி மாறியது: எந்தப் படகுக்கும் எந்தப் பாலினக் காக்ஸும் உட்காரலாம், எல்லோருக்கும் குறைந்தபட்ச எடை 55 கிலோ. இந்த வேலைக்குத் தோள் அகலம் பொருட்டல்ல என்பதை விளையாட்டே எழுத்தில் ஒப்புக்கொண்ட நாள் அது. டோக்கியோவில் நியூசிலாந்துப் பெண்கள் எட்டுக்கு வெள்ளி வாங்கித் தந்த காக்ஸ் கேலப் ஷெப்பர்டு, ஒரு ஆண். அதே டோக்கியோவில் பிரிட்டன் ஆண்கள் எட்டோடு வெண்கலம் வென்ற ஹென்றி ஃபீல்ட்மன், 2024 பாரிஸில் பிரிட்டன் பெண்கள் எட்டின் பின்முனைக்கு வந்து அமர்ந்தார். அங்கேயும் வெண்கலம். ஆண்கள் போட்டியிலும் பெண்கள் போட்டியிலும் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் துடுப்புப் படகு வீரர் என்ற இடம், துடுப்பே பிடிக்காத அவருக்குக் கிடைத்தது.